பெருந்தொற்றுக் கால எண்களை எவ்வாறு வாசிப்பது?



2025ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் கொரோனா பற்றிய செய்திகள் நாளிதழ்களில் மீண்டும் இடம்பெறத் தொடங்கின. நாடு முழுவதும் சிகிச்சையில் இருந்தோரின் எண்ணிக்கை ஜூன் மாதத்தில் 7,000ஐக் கடந்தது. அந்நாள்களில் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தவர்கள் பலரும் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டனர்: "அம்மாவுக்கு இந்த மாதம் இதயப் பரிசோதனை இருக்கிறது. எண்ணிக்கை குறைந்த பிறகு அழைத்து வரட்டுமா?"

காத்திருக்க வேண்டாம் என்பதே நாங்கள் அளித்த விடை. ஆயினும் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த அச்சம் நியாயமானது. 2020, 2021 ஆகிய ஆண்டுகளை இப்பகுதி மக்கள் மறந்துவிடவில்லை. 2021 மே இறுதியில் தமிழ்நாட்டில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிகிச்சையில் இருந்தனர் என்பதை நினைவிற் கொண்டால், 7,000 என்பது எத்தகைய எண் என்பது விளங்கும். தொற்று எண்ணிக்கை, தடுப்பூசி விழுக்காடு, பயண விதிகள் ஆகிய மூன்றையும் எவ்வாறு வாசிப்பது என்பதை மறைமலை நகர் முதல் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரையிலான நம் தொழிற்பகுதியின் அனுபவத்தைக் கொண்டே இங்கு விளக்குகிறோம்.

நாள்தோறும் வந்த எண்ணிக்கை

தமிழ்நாட்டின் முதல் தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதி செய்யப்பட்டது. ஓமன் நாட்டிலிருந்து திரும்பிய அவர் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவர். அன்று தொடங்கி, மாலைதோறும் மாநில சுகாதாரத் துறை வெளியிட்ட அறிக்கையில் மூன்று எண்கள் முதன்மையாக இருந்தன. அன்று புதிதாகத் தொற்று உறுதியானோர், சிகிச்சையில் இருப்போர், தொடக்கம் முதல் அதுவரை பாதிக்கப்பட்ட மொத்தப் பேர் என்பன அவை. மூன்றாவது எண் ஒருபோதும் குறையாது. குணமடைந்தவர்களும் அதில் அடங்குவர். அந்த எண்ணைப் பார்த்து அஞ்சியவர்கள் பலர். நோயின் போக்கை அறிய முதல் இரண்டு எண்களையே கவனிக்க வேண்டும்.

முதல் எண்ணும் தனித்து நின்றால் முழு உண்மையைச் சொல்லாது. எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்யப்பட்டது என்பதையும் சேர்த்தே அதை வாசிக்க வேண்டும். 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. இரண்டாம் அலையின் உச்சம் அதுவே. அன்று பரிசோதிக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தொற்று இருந்தது. கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதற்கு இந்த விகிதம் தொடர்ந்து இரு வாரங்கள் 5 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்திருந்தது. ஐந்தில் ஒன்று என்பது 20 விழுக்காடு ஆகும். பரிசோதனைக்கு வராத தொற்றாளர் இன்னும் பலர் வெளியே இருக்கின்றனர் என்பதையே அது உணர்த்தியது.

அவர்கள் எத்தனை பேர் என்பதும் பின்னர் தெரியவந்தது. மாநில அரசு மக்களின் குருதியில் எதிர்ப்பாற்றல் உள்ளதா என்று ஆய்வு செய்து, 2021 ஜூலை இறுதியில் அதன் முடிவை வெளியிட்டது. ஏறத்தாழ 66 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பாற்றல் காணப்பட்டது. அதே நாளில் பரிசோதனையால் உறுதி செய்யப்பட்டிருந்தோர் மொத்தம் 25.5 லட்சம் பேர். 7 கோடிக்கும் மேற்பட்ட மக்கள்தொகையில் இது நான்கு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. தடுப்பூசியால் எதிர்ப்பாற்றல் பெற்றோரையும் அந்த 66 விழுக்காடு உள்ளடக்கியதே. எனினும் கண்ணுக்குத் தெரிந்த தொற்று, உண்மையான தொற்றின் சிறு பகுதியே என்பதில் ஐயமில்லை.

ஒரே தொழிற்பகுதி, இரு மாவட்டங்கள்

செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து உருவானது 2019 நவம்பர் 29 அன்று. பெருந்தொற்று வருவதற்குச் சில மாதங்களே முன்பு நிகழ்ந்த இப்பிரிவினையால், மறைமலை நகர் செங்கல்பட்டு மாவட்டத்திலும், ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் அமைந்தன. ஆனால் கூடுவாஞ்சேரியிலோ சிங்கப்பெருமாள் கோவிலிலோ குடியிருந்து, நாள்தோறும் ஒரகடத்து ஆலைக்குப் பேருந்தில் சென்று திரும்புவோருக்கு அந்த எல்லை கண்ணுக்குத் தெரிவதில்லை. கிருமிக்கும் அவ்வாறே.

2022ஆம் ஆண்டின் தொடக்க மாதங்கள் வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏறத்தாழ 2.35 லட்சம் பேருக்கும், காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏறத்தாழ 94,000 பேருக்கும் தொற்று உறுதியாகியிருந்தது. மாநில அளவில் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் அடுத்ததாகச் செங்கல்பட்டு மூன்றாம் இடத்தில் இருந்தது. இதனைக் கண்டு, "காஞ்சிபுரம் பக்கம் நோய் குறைவு" என்று கருதியவர்கள் உண்டு.

மக்கள்தொகையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படி இன்றைய செங்கல்பட்டு மாவட்டப் பகுதியின் மக்கள்தொகை 25.5 லட்சம், காஞ்சிபுரத்தினுடையது 11.6 லட்சம். அவ்வாறாயின், செங்கல்பட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பேர், காஞ்சிபுரத்தில் எட்டுப் பேர். இரண்டரை மடங்காகத் தோன்றிய வேறுபாடு, நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆகவே, இரு ஊர்களின் எண்ணிக்கையை ஒப்பிடும் எந்தச் செய்தியைப் படித்தாலும், "அங்கே எத்தனை பேர் வாழ்கின்றனர்?" என்ற வினாவை முதலில் எழுப்புங்கள்.

தடுப்பூசி விழுக்காடு

தடுப்பூசித் திட்டம் 2021 ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களிடம் தொடங்கியது. மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தோருக்கும், இணை நோய் உள்ள 45 வயதினருக்கும், ஏப்ரல் 1 முதல் 45 வயது நிறைந்த அனைவருக்கும், மே மாதம் முதல் 18 வயது நிறைந்தோருக்கும் அது விரிவடைந்தது. 15 முதல் 18 வயது வரையிலானோருக்கு 2022 ஜனவரி 3 அன்றுதான் தொடங்கியது. தகுதியுடையோர் யார் என்ற வரையறை இவ்வாறு மாறிக்கொண்டே இருந்ததால், விழுக்காடும் அதற்கேற்ப மாறியது. "70 விழுக்காடு" என்று ஒரு செய்தி கூறினால், அது எவரில் 70 விழுக்காடு, முதல் தவணையா இரண்டாம் தவணையா என்று கேட்பது அவசியம்.

நம் பகுதிக்கே உரிய நுட்பம் மற்றொன்றும் உண்டு. தொற்று, நோயாளியின் இருப்பிட மாவட்டத்தின் கணக்கில் சேர்ந்தது. தடுப்பூசியோ, ஊசி போடப்பட்ட இடத்தின் கணக்கில் சேர்ந்தது. மறைமலை நகரில் வசித்து ஒரகடத்து ஆலை முகாமில் ஊசி போட்டுக்கொண்ட தொழிலாளியின் தவணை காஞ்சிபுரத்துக்குரியது. அவருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தால் அது செங்கல்பட்டுக்குரியது. இவ்வாறிருக்க, மாவட்ட விழுக்காட்டைக் கொண்டு ஒரு குடும்பத்தின் பாதுகாப்பை அளவிட இயலாது. உங்கள் குடும்பத்தில் யார் எத்தனை தவணை பெற்றுள்ளனர் என்பதே உங்களுக்குப் பயன்படும் கணக்கு.

ஊசிக்காக மக்கள் காத்திருந்ததையும் இங்கு நினைவுகூர வேண்டும். மறைமலை நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், செங்கல்பட்டை அடுத்த திருமணியில், ஒன்றிய அரசின் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் கட்டப்பட்டிருந்தும் இயங்காமல் இருந்தது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2021 மே 25 அன்று அங்கு நேரில் சென்று பார்வையிட்டார். அதே வாரத்தில் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் பாதுகாப்புக் குறித்துக் குரல் எழுப்பினர். ஆலைகள் சில நாள்கள் உற்பத்தியை நிறுத்தின. நான்கு மாதங்களுக்குள் நிலைமை மாறியது. செப்டம்பர் 12 அன்று நடைபெற்ற முதல் மாபெரும் முகாமில் தமிழ்நாடு முழுவதும் ஒரே நாளில் 28.91 லட்சம் பேர் ஊசி போட்டுக்கொண்டனர். 20 லட்சம் என்பதே அன்றைய இலக்காக இருந்தது.

பயண விதிகள்

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. ஜூன் 19 முதல் சென்னையோடு சேர்த்து, செங்கல்பட்டு, மறைமலை நகர் நகராட்சிகள் உள்ளிட்ட புறநகர்ப் பகுதிகளிலும் முழு ஊரடங்கு மீண்டும் நடைமுறைக்கு வந்தது. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் தேவைப்பட்டது. ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த அனைவருக்கும் அது வழங்கப்பட்டு, செப்டம்பர் 1 அன்று மாநிலத்துக்குள் நீக்கப்பட்டது. மார்ச்சில் நின்றுபோன புறநகர் மின்சார ரயில்களில், கூட்டம் குறைந்த நேரங்களிலேனும் பொதுமக்கள் அனைவரும் ஏறுவதற்கு டிசம்பர் 23 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2021 மே 10 அன்று மீண்டும் முழு ஊரடங்கு வந்தபோது, மே 17 முதல் இ-பதிவு முறை நடைமுறைப்படுத்தப்பட்டது.

இவ்விதிகள் அனைத்திலும் மாறாதிருந்தது ஒன்று உண்டு. மருத்துவக் காரணத்துக்கான பயணம் ஒருபோதும் தடை செய்யப்படவில்லை. 2020இன் இ-பாஸ் வழங்கப்பட்ட காரணங்களுள் அவசர மருத்துவமும் ஒன்று. 2021 மே இறுதியில், கட்டுப்பாடுகள் மிகக் கடுமையாக இருந்த வாரங்களில்கூட, மாவட்டத்துக்குள் மருத்துவத்துக்காகச் செல்ல இ-பதிவு தேவையில்லை என்று அரசு அறிவித்தது. இச்செய்தி பலரைச் சென்றடையவில்லை. சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை நாங்கள் பின்னர் சந்தித்தோம். முற்றிய நிலையில் வந்த காலிப் புண்களும், மாத்திரை நின்றுபோனதால் கட்டுமீறிய இரத்த அழுத்தமும் அக்காலத்தில் எங்களுக்குப் புதியவை அல்ல.

எண்ணிக்கையில் சேராத இழப்பு

இவ்விழப்பு நாடு முழுவதற்கும் பொதுவானது. இந்தியாவில் 2019இல் 24 லட்சம் காசநோயாளிகள் கண்டறியப்பட்டனர். 2020இல் கண்டறியப்பட்டோர் 18 லட்சம் பேர் மட்டுமே. காசநோய் குறைந்துவிடவில்லை. இருமலோடு மருத்துவமனைக்கு வருவோர் குறைந்தனர். அந்த 6 லட்சம் பேரில் பெரும்பாலோர் சிகிச்சையின்றி வீட்டிலேயே இருந்தனர் என்பதே இதன் பொருள். எந்த மாலை அறிக்கையிலும் அவர்கள் இடம்பெறவில்லை. எண் குறைவது எப்போதும் நற்செய்தி ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மருத்துவமனைகள் தாங்கிய சுமையையும் தொற்று எண்ணிக்கை காட்டவில்லை. 2021 மே 4 அன்று இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 13 நோயாளிகள் உயிரிழந்தனர். ஆக்சிஜன் பற்றாக்குறையே காரணம் என்று உறவினர்கள் கூறினர். அதிகாரிகள் அதனை மறுத்தனர். அந்த இரவின் துயரம் இம்மாவட்டத்து மக்கள் மனத்தில் இன்றும் உள்ளது. மருத்துவமனைக்கு வர அஞ்சுவோரிடம் நாங்கள் கடிந்து பேசாதிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெருந்தொற்று கற்பித்த பாடத்தால் விளைந்த நன்மையும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியாகச் சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்துகள் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. இயன்முறை சிகிச்சையும், நோய் முற்றியோருக்கான ஆதரவுச் சிகிச்சையும் அதில் அடங்கும். நடமாட இயலாதோர் உள்ள குடும்பங்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம்.

அடுத்த முறை செய்தி வரும்போது

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கொரோனாவுக்கான உலகளாவிய அவசர நிலையை முடிவுக்குக் கொண்டுவந்தது. கிருமி நம்மை விட்டு நீங்கிவிடவில்லை. அவ்வப்போது எண்ணிக்கை ஏறும், இறங்கும். அவ்வேளைகளில் பின்வருவனவற்றை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

• மொத்த எண்ணிக்கையைக் கண்டு அஞ்ச வேண்டாம். சிகிச்சையில் இருப்போர் எத்தனை பேர், பரிசோதனை செய்தோரில் எத்தனை பேருக்குத் தொற்று என்பவற்றைப் பாருங்கள்.

• டயாலிசிஸ், புற்றுநோய் மருந்து, மகப்பேறு பரிசோதனை, காசநோய் மாத்திரை ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போட வேண்டாம். வர இயலாத நிலை ஏற்பட்டால், நீங்களாக முடிவெடுக்காமல் முதலில் எங்களைத் தொலைபேசியில் அழையுங்கள்.

• மருத்துவச் சீட்டு, முந்தைய பரிசோதனை முடிவுகள், தடுப்பூசிச் சான்று ஆகியவற்றை ஒரே உறையில் வைத்திருங்கள். பயணக் கட்டுப்பாடு மீண்டும் வருமாயின், சோதனைச் சாவடியில் காட்டுவதற்கு மருத்துவச் சீட்டு உதவும். மறு தவணை தேவையா என்பதை உங்கள் மருத்துவரே கூற இயலும்.

• காய்ச்சலோ இருமலோ உள்ளவர், வீட்டில் முதியோரும் நோயாளிகளும் இருப்பின் முகக்கவசம் அணிவது அவர்களுக்குச் செய்யும் பேருதவி. ஆலைப் பேருந்தில் பயணிப்போருக்கும் இது பொருந்தும்.

• மூச்சுத்திணறல், நீங்காத நெஞ்சுவலி, நினைவுத் தடுமாற்றம், ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே இறங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், அன்றைய எண்ணிக்கை எதுவாயினும், உடனே 108ஐ அழையுங்கள்.

நாளிதழில் வரும் எண் ஒரு மாவட்டத்தின் நிலையைக் கூறும். உங்கள் வீட்டில் உள்ளவரின் நிலையை அறிந்தவர் நீங்களே. அதனை எங்களிடம் தாமதமின்றிக் கூறுங்கள்; மற்றவற்றை நாம் சேர்ந்து கவனிப்போம்.