பட்டாளத்துச் சோறு தின்ற கோழிகள்

1886-இல் டச்சு அரசு ஜாவாவுக்கு மருத்துவர்களை அனுப்பியது, ஒரு கிருமியைத் தேடத்தான். அங்கே சிப்பாய்களுக்குக் கால் மரத்தது, வீங்கியது. சிலருக்கு இதயமே ஓய்ந்தது. பெரிபெரி என்று அதற்குப் பெயர். கிருமி ஆய்வாளர்கள் பாஸ்டரும் கோக்கும் கொடிகட்டிப் பறந்த காலம். நோய் என்றால் கிருமி இருந்தே தீர வேண்டும்.

வந்தவர்களில் ஒருவரான ஐக்மன் படேவியாவிலேயே (இன்றைய ஜகார்த்தா) தங்கிவிட்டார். கோழிகளுக்கு நோயாளிகளின் ரத்தத்தை ஏற்றிப் பார்த்தார். ஏற்றிய கோழி தள்ளாடியது. சரி. ஏற்றாத கோழியும் தள்ளாடியது! 1889 நவம்பர் வாக்கில் எல்லாக் கோழிகளும் தாமாகவே எழுந்து நடந்தன.

விசாரித்தால் விஷயம் சமையலறையில் இருந்தது. சில மாதங்களாகக் கோழிகளுக்கு ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைப் போட்டு வந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரரோ, பட்டாளத்துச் சோற்றைச் சிவில் கோழிகளுக்குத் தர முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் தேறிவிட்டன. சட்டம் பேசும் சிப்பந்திகளால் அறிவியலுக்கு இவ்வளவு பெரிய லாபம் வேறெங்கும் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஐக்மனின் நண்பர் போர்டர்மன் ஜாவாவின் சிறைகளில் கணக்கெடுத்தார். தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் 39 கைதிகளுக்கு ஒருவர் வீதம் பெரிபெரி. தவிடு போகாத அரிசி போட்ட இடங்களில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர்கூட இல்லை. அப்போதும் ஐக்மன், அரிசி மாவில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்றே நினைத்தார். நஞ்சும் இல்லை, கிருமியும் இல்லை. தவிட்டோடு போய்விட்ட ஏதோ ஒன்று இல்லாததுதான் நோய் என்று 1901-இல் சொன்னவர் அவருக்குப் பின் வந்த கிரேய்ன்ஸ். 'இல்லாதது' ஆளைக் கொல்லும் என்பதை அன்றைய மருத்துவம் லேசில் ஏற்கவில்லை.

அந்த ஒன்றுதான் தயமின், வைட்டமின் பி1. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 1.2 மில்லிகிராம் அளவே. சோறு செரித்துச் சர்க்கரையாகி, அது பைருவேட்டாக உடைந்த பிறகு, அதை எரித்து ஆற்றலாக்கும் வாசலில் தயமின் நிற்க வேண்டும். அது இல்லாவிட்டால் வயிறு நிறைந்தும் நரம்பும் இதயத்தசையும் பட்டினி. இதிலொரு குரூரம்: சோறு கூடக்கூடத் தயமின் தேவையும் கூடும். உடம்பின் கையிருப்போ இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும்.

மலாயாவில் இன்னொரு புதிர். வெள்ளை அரிசி தின்ற சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி வாட்டியபோது, பக்கத்திலேயே வேலைபார்த்த தமிழர்களை அது அநேகமாகத் தொடவில்லை. பிராடன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதைக் கவனித்தார். தமிழர்கள் தின்றது புழுங்கலரிசி. பிறகு ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இரு மருத்துவர்கள் அங்கே நெகிரி செம்பிலானில் சுமார் 300 தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வெள்ளை அரிசியும் மறுபாதிக்குப் புழுங்கலும் போட்டுப் பார்த்தார்கள். நோய் வந்தது வெள்ளை அரிசிக்காரர்களுக்குத்தான்.

ஒரு பச்சரிசியையும் ஒரு புழுங்கலரிசியையும் உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பச்சரிசி சுண்ணாம்பு வெள்ளை. புழுங்கல் லேசான மஞ்சளில், கண்ணாடி போல ஒளியை உள்ளே விடும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின் தண்ணீரோடு அரிசிக்குள் இறங்குகிறது. மாவுச்சத்து வெந்து இறுகி அதை உள்ளேயே பூட்டிவிடுகிறது. அப்புறம் மில்லில் தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. நொய் குறையவும் அரிசி கெடாமல் இருக்கவும் நெல் அவித்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வழியில்லை.

ஆனால் தயமின் தண்ணீரில் கரையும். நாலு தடவை களைந்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால், பூட்டியதில் ஒரு பங்கு கழுநீரோடும் கஞ்சியோடும் வெளியே போகும். எங்கள் வீட்டில் அது இரண்டும் நேரே மாட்டுத் தொட்டிக்குத்தான் போகும். மாடு ஒரு சொட்டு மிச்சம் வைக்காது.