தட்டும் தராசும் – 11: அடுப்பில்லாத அடுக்களை

சென்ற வாரம் பாரிஸில் இருந்தோம். மூன்று மிஷலின் நட்சத்திரம் பெற்ற 'லார்பேஜ்' உணவகத்தில் அலான் பஸ்ஸார் சிவப்பு இறைச்சிக்கு விடைகொடுத்துவிட்டுக் காய்கறிப் பக்கம் திரும்பிய கதையைப் பார்த்தோம். அது 2001. அதே ஆண்டு அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு பெண்மணி அதற்கும் மேலே ஒரு படி போனார். அடுப்பையே எடுத்துவிட்டார்.

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் லார்க்ஸ்பர் என்று ஒரு சிற்றூர் வரும். பணம் புழங்கும் வட்டாரம். அங்கே ராக்ஸேன் க்ளைன் தொடங்கிய உணவகத்தின் பெயர் 'ராக்ஸேன்ஸ்'. சுற்றுச் சுற்றாக விருந்து, நீளமான ஒயின் பட்டியல், அதற்கேற்ற விலை. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. அதாவது முழு வீகன். அதுகூடப் பெரிதில்லை. சமையலறைக்குள் வரும் எந்தப் பொருளும் 118 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சூடாகக் கூடாது என்பதுதான் விதி. நம் கணக்கில் ஏறத்தாழ 48 டிகிரி செல்சியஸ். மொட்டைமாடியில் மோர்மிளகாய் காய்வதற்கு இந்த விதியில் தடையில்லை; அதை எண்ணெயில் போட்டால் மீறியதாகிவிடும்.

பச்சையாகத் தின்பது பணக்கார உணவு மேஜைக்குப் புதிதா என்ன? சிப்பியைத் திறந்து உயிரோடு விழுங்குகிறார்கள். பச்சை மாட்டிறைச்சியைக் கொத்தி 'ஸ்டேக் டார்டார்' என்று வைக்கிறார்கள். பச்சை மீனுக்கு ஜப்பானியர்கள் ஒரு பெரிய கலையையே வளர்த்து வைத்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் யாரும் முகம் சுளித்ததில்லை. பச்சைக் காய்கறி என்று வந்தால் மட்டும் அது 'சாலட்'. பசியைக் கிளப்ப ஒரு கிண்ணம், அவ்வளவுதான். அதற்கு நூறு டாலர் கொடு என்றால் யார் கொடுப்பார்? ஆக, உயர்தர உணவகக்காரர்கள் தயங்கியது பச்சை என்பதற்காக அல்ல, காய்கறி என்பதற்காக என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்தத் தயக்கத்தை உடைத்ததில் சிகாகோவின் சார்லி ட்ராட்டருக்குப் பெரிய பங்கு உண்டு. 1987-ல் தன் பெயரிலேயே உணவகம் தொடங்கியவர். இறைச்சி விருந்துக்குப் பக்கத்திலேயே காய்கறிகளுக்கென்று தனி விருந்துப் பட்டியல் வைத்தவர். 1999-ல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை அவரை நாட்டின் தலைசிறந்த செஃப் என்று தேர்ந்தெடுத்தது. சைவர் அல்ல; எந்தக் கொள்கைக் கூட்டத்தையும் சேர்ந்தவரும் அல்ல. அப்படிப்பட்டவர் க்ளைனோடு சேர்ந்து 2003-ல் 'ரா' என்ற சமையல் புத்தகத்தை வெளியிட்டார். அதுவரை பச்சை உணவு என்றால் அமெரிக்கர்களுக்கு நினைவுக்கு வந்தது பாஸ்டனில் ஆன் விக்மோர் பரப்பிய கோதுமைப்புல் சாறும், முளைகட்டிய பயறும், அவற்றோடு சேர்ந்து வரும் உபதேசமும்தான். ட்ராட்டரின் பெயர் அட்டையில் வந்ததும் தொழில்முறை செஃப்கள் அதைப் புரட்டிப் பார்த்தார்கள்.

உபதேசம் என்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன். 48 டிகிரி எங்கிருந்து வந்தது? சூடுபட்டால் உணவிலுள்ள என்சைம்கள் செத்துவிடும், அவை செத்தால் செரிமானத்தின் சுமை முழுக்க உடம்பின் தலையில் விழும் என்பது எட்வர்ட் ஹோவெல் என்ற அமெரிக்க மருத்துவரின் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கீரையின் என்சைம் கீரைக்காக இருப்பது, நமக்காக அல்ல. வாய்க்குள் போனபின் இரைப்பையின் அமிலம் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். சமைத்தால் வைட்டமின் சி குறைகிறது என்பது உண்மை. தக்காளியின் லைகோபீன் சமைத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேர்கிறது என்பதும் உண்மை. ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுங்காலம் பச்சை உணவிலேயே இருந்தவர்களைப் பரிசோதித்து 1999-ல் எழுதினார்கள்: 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு மாதவிலக்கு ஓரளவோ முழுமையாகவோ நின்றிருந்தது. காந்தியும் இதில் இறங்கிப் பார்த்தவர்தான். 1893-ல் பிரிட்டோரியாவில் ஒரு முறை, 1929-ல் இன்னொரு முறை. இரண்டாம் முறை சீதபேதி வந்து நிறுத்த வேண்டியதாயிற்று.

ஒரு நாள் மாலை வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவருக்கு இதனால் நன்மையும் இல்லை, கெடுதலும் இல்லை. என்னைக் கேட்டால், மருத்துவக் காரணத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, இதை ஒரு கட்டுப்பாடாக மட்டும் பார்த்தால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. வெண்பா எழுதுகிறவன் தளை தட்டாமல் எழுதுவது உடம்புக்கு நல்லது என்பதற்காக அல்லவே.

நெருப்பு என்னென்ன செய்கிறது என்று பாருங்கள். சுமார் 60, 70 டிகிரியில் மாவுச்சத்து நீரை உறிஞ்சிக் குழைகிறது. 80-ஐத் தாண்டினால் காயின் சுவர்கள் தளர்கின்றன. 140-ஐ நெருங்கும்போது பொன்னிறமும் முறுகல் வாசனையும் எழுகின்றன. 48-லேயே நின்றுவிட்டால் இந்த மூன்றும் கைவிட்டுப் போகும். அரிசி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை, ரொட்டி இல்லை, வறுத்த வாசனை இல்லை. இவற்றின் இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது?

நியூயார்க்கில் 2004-ல் மேத்யூ கென்னியும் சர்மா மெல்ன்கைலிஸும் தொடங்கிய 'ப்யூர் ஃபுட் அண்ட் ஒயின்' உணவகத்தில் பேர் வாங்கிய ஒரு பதார்த்தம் லசான்யா. கோதுமைத் தகட்டுக்குப் பதில் சுக்கினிக்காயை நீளவாக்கில், சிப்ஸ் சீவும் கட்டையைப் போன்ற ஒன்றில், காகிதம்போல் சீவுகிறார்கள். அதில் கொஞ்சம் உப்பும் எண்ணெயும் தடவினால் தகடு துவண்டு கொடுக்கும். வெந்ததுபோல் நாக்குக்குத் தெரியும். பைன் கொட்டையை ஊறவைத்து எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்தால் ரிக்கோட்டா பாலாடைக்கட்டி இருந்த இடம் நிறைகிறது. துளசியின் உறவான பேசில் இலையும் பிஸ்தாவும் சேர்ந்து பச்சைச் சாந்து. காயவைத்த தக்காளியை ஊறவைத்து அரைத்தால் சிவப்புச் சாந்து. நீர் வற்றிய தக்காளியில் புளிப்பும் இனிப்பும் இறைச்சிச் சாறு போன்ற அந்தக் கனமும் செறிந்து நிற்கும். அடுக்கி வைத்தாயிற்று. இனி ஓட்டம்தான். உப்பு பட்ட சுக்கினி நிமிடத்துக்கு நிமிடம் தண்ணீர் விடுகிறது. கால் மணி தாமதித்தால் தட்டில் குளம். வழக்கமான லசான்யாவைக் காலையிலேயே அடுக்கி ஓவனில் வைத்து மறந்துவிடலாம். இதை ஆர்டர் வந்தபிறகுதான் ஒவ்வொரு தட்டாக அடுக்க வேண்டும்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், நெருப்பு செய்த வேலை முழுவதும் மனிதக் கைகளுக்கும் கடிகாரத்துக்கும் வந்து சேர்கிறது. ஆளி விதை அப்பளத் தகடு மொறுமொறுப்பாக உலர்த்திப் பெட்டியில் ஒரு ராப்பொழுது ஆகும், சில சமயம் ஒரு முழு நாள். நடுவில் எழுந்து திருப்பிப் போட ஆள் வேண்டும். முந்திரிச் சீஸ் புளிக்க ஒன்றிரண்டு நாள். பாதாம் பால் ஊற ஓர் இரவு. இளநீர் வழுக்கையை நூடுல்ஸ்போல் நறுக்க எத்தனை தேங்காய், எத்தனை கை! மிக்ஸியைக்கூட நம்ப முடியாது. சக்தி வாய்ந்த மிக்ஸியை விடாமல் ஓட்டினால் உராய்விலேயே சூப்பு கொதிக்கும் பக்கம் போய்விடும். தொட்டுத் தொட்டுப் பார்த்து நிறுத்த வேண்டும். அடுப்பில்லாத அடுக்களையில் காஸ் செலவு மிச்சம் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். சம்பளப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

முந்திரி என்றதும் பண்ருட்டி நினைவுக்கு வராமல் இருக்குமா? பச்சை வீகன் சமையலின் தூணே முந்திரிதான். பால், கிரீம், சீஸ், ஐஸ்கிரீம் எல்லாம் அதுதான். இந்தியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் கப்பலேறிப் போய், அங்கே பையில் 'ரா' என்று அச்சடித்து விற்கப்படுகிறது. முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் என்ன எண்ணெய் இருக்கிறது என்பது கடலூர் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் தெரியும். பட்ட இடம் வெந்து போகும். அந்த எண்ணெயை அடக்கத்தான் கொட்டையை வறுக்கிறார்கள், அல்லது நீராவியில் அவிக்கிறார்கள். பிறகு பெண்கள் கையில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொண்டு உட்கார்ந்து உடைக்கிறார்கள். தோல் உரிய மறுபடியும் ஒரு சூடு. 48 டிகிரி என்ற கோட்டைப் பருப்பு எத்தனையோ முறை தாண்டித்தான் வெளியே வருகிறது. சூடே காட்டாமல் உடைத்தெடுக்கிறவர்கள் சிலர் உண்டு. அதன் விலை வேறு.

கலிஃபோர்னியா பாதாமும் இதே கதைதான். 2001-லும் 2004-லும் பாதாமிலிருந்து சால்மனெல்லா நோய் பரவியதால், 2007 முதல் அங்கே விளையும் பாதாமை நீராவியிலோ ரசாயன வாயுவிலோ கிருமி நீக்கிய பிறகே அமெரிக்கச் சந்தைக்கு விட வேண்டும். ஆனாலும் பையில் 'ரா' என்று போட்டுக்கொள்ளத் தடையில்லை. இனிப்புக்கு ஊற்றும் மேப்பிள் பாகு மரச்சாற்றைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சியது. உப்புக்கும் ருசிக்கும் சேர்க்கும் சோயா சாஸில் இருப்பது அவித்த சோயாதான். இதைத் தெரியாமல் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. தெரிந்தேதான் கண்ணை மூடிக்கொண்டார்கள். அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை; விருந்துக்கு வந்தவர் ருசியைத்தான் கேட்கிறார். ஆனால் அதே வாயால் 'உயிருள்ள உணவு' என்று பிரசங்கம் செய்யும்போதுதான் இடிக்கிறது.

ஆபத்து என்று பார்த்தால், முளைகட்டிய பயறைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். விதை முளைப்பதற்கு வேண்டிய ஈரமும் கதகதப்பும் கிருமிக்கும் அப்படியே பொருந்தும். 2011-ல் ஜெர்மனியில் ஈ-கோலை தொற்று பரவி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காயின் மீது பழி போட்டு, அந்த நாட்டு விவசாயிகளின் பிழைப்பைக் கெடுத்தார்கள். கடைசியில் அகப்பட்டது எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தில் முளைவிட்ட பயிர். உலர்த்திப் பெட்டியும் 48 டிகிரியில் மணிக்கணக்காக ஓடுவது. அமெரிக்கச் சுகாதார விதிகள் ஆபத்து வளையம் என்று குறித்து வைத்திருக்கும் வெப்பத்துக்குள்தான் அது வருகிறது. மெல்லியதாகப் பரப்பிச் சீக்கிரம் ஈரத்தை விரட்டினால் தப்பிக்கலாம்.

சரி, கல்லாப்பெட்டி. உயர்தர உணவகத்தில் லாபம் பெரும்பாலும் சாப்பாட்டில் இல்லை, ஒயினில். நல்லவேளையாக ஒயின் காய்ச்சுவதல்ல, புளிக்க வைப்பது. ஆகவே விதிக்குள் வந்துவிட்டது. அதிலும் ஒரு கண் வேண்டும்: முட்டை வெள்ளைக்கருவோ மீனின் காற்றுப்பையோ போட்டுத் தெளியவைத்த ஒயின் வீகன் ஆகாது. விருந்து முடிந்தபின் காபி? கொட்டையை வறுக்காமல் காபி ஏது?

லார்க்ஸ்பர் உணவகம் 2004-லேயே மூடியது. நியூயார்க் கடை பதினோரு வருடம் தாக்குப்பிடித்தது. பின்கட்டுத் தோட்டத்தில் மேஜை போட்டு, ஹாலிவுட் முகங்கள் வந்துபோன இடம். 2015 ஜனவரியில் சம்பளம் வராத ஊழியர்கள் வெளியேறினார்கள். திரும்பத் திறந்து, அதே ஆண்டு நிரந்தரமாக மூடியது. மறு ஆண்டு மெல்ன்கைலிஸும் கணவரும் டென்னஸியில் கைதானார்கள். போலீஸுக்குத் துப்பு கொடுத்தது ஓட்டல் அறைக்கு வரவழைத்த ஒரு பீட்ஸா ஆர்டர். நெட்ஃபிளிக்ஸ் 2022-ல் எடுத்த 'பேட் வீகன்' ஆவணத் தொடருக்கு இதைவிட என்ன வேண்டும்! அந்தப் பீட்ஸாவைப் பற்றிப் பேசியவர்களில் பத்தில் ஒருவராவது லசான்யாவைப் பற்றிக் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

அதற்கு வெகு முன்பே பிரிந்துபோன கென்னி, 2009-ல் ஓக்லஹோமா நகரத்தில் '105 டிகிரீஸ்' என்று ஒரு உணவகத்தையும் பச்சைச் சமையல் பள்ளியையும் தொடங்கினார். மாட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர் அது. அங்கிருந்து கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவுக்கு இடம் மாற்றினார். போகப்போக அவருடைய உணவகங்களில் சமைத்த பதார்த்தங்களும் நுழைந்துவிட்டன. பச்சைதான் என்று அடம்பிடித்தவர்கள் குறைந்து, அந்தக் கைவேலை மட்டும் மற்றவர்களின் அடுக்களைகளுக்குப் பரவியது. முந்திரிச் சீஸ் இன்று சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிறது. உலர்த்திப் பெட்டி இல்லாத பெரிய சமையலறையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

நியூயார்க்கின் 'லெவன் மேடிசன் பார்க்' 2021-ல் முழு வீகனாக மாறி, மூன்று நட்சத்திரத்தையும் காப்பாற்றிக்கொண்டது. அடுப்பு உண்டு, இறைச்சி இல்லை. நாலு வருடம் கழித்து, 2025-ல், மீனும் இறைச்சியும் மறுபடி வரும் என்று அதன் செஃப் டேனியல் ஹம் அறிவித்தார். முப்பது பேர் சேர்ந்து வரும் கம்பெனி விருந்துகளை வீகன் உணவகத்துக்கு இழுப்பது கடினம் என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. அதே கோடையில் பாரிஸில் பஸ்ஸார், தேன் நீங்கலாக, விலங்கிலிருந்து வருவது எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார். ஹம்முக்குக் கட்டுப்படியாகாதது பஸ்ஸாருக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? அவருக்குச் சொந்தமாக மூன்று காய்கறித் தோட்டங்கள் உண்டு. அடுத்த வாரம் அந்தத் தோட்டங்களின் கணக்கைப் பார்ப்போம்.

(தொடரும்)