டயரின் தேய்மானம் உணர்த்தும் காரணங்கள்

கொள்ளேகால் பல சாலைகள் கூடும் ஊர். கோழிக்கோட்டிலிருந்து மைசூர் வழியாக வரும் 766ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இங்கு முடிவடைகின்றது. பெங்களூரிலிருந்து கனகபுரம், மளவள்ளி வழியாக வரும் 948ஆம் எண் நெடுஞ்சாலை இவ்வூரைக் கடந்து சாமராஜநகர், ஆசனூர், திம்பம் வழியே சத்தியமங்கலத்திற்கும் கோயம்புத்தூருக்கும் செல்கின்றது. ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்கு ஏறி, அப்பால் பாலாறு, கொளத்தூர் வழியே மேட்டூரை அடையும் சாலையும் இங்கிருந்தே பிரிகின்றது. 1956 நவம்பர் முதல் நாளன்று கோயம்புத்தூர் மாவட்டத்தினின்று மைசூர் மாநிலத்திற்கு மாற்றப்பட்ட இத்தாலுகா, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் அடங்கியுள்ளது. எல்லை மாறியபோதிலும் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் இடையிலான போக்குவரத்து இவ்வழியே தொடர்ந்து நடைபெற்று வருகின்றது.

இச்சாலைகளில் நேரான சமவெளிப் பாதையும், கூரிய வளைவுகள் நிறைந்த மலைப்பாதையும் அடுத்தடுத்து வருகின்றன. திம்பம் மலைப்பாதையில் மட்டும் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அகன்ற டயர்களும் தாழ்ந்த உடலமைப்பும் கொண்ட வேகக் கார்களும் இவ்வழியே செல்வதுண்டு. இத்தகைய கார்களின் டயர்கள் எதிர்பார்த்த காலத்திற்கு முன்னரே ஒரு பக்கமாகத் தேய்ந்துபோவதுண்டு. உரிமையாளர் மலைப்பாதையின் மீதோ டயரின் தரத்தின் மீதோ குறை கூறிப் புது டயர் வாங்குகின்றார். உண்மைக் காரணம் சக்கரத்தின் நிலையிலோ காற்றின் அளவிலோ இருக்குமாயின், புதிய டயரும் அதே கதியை அடையும். ஆகையால் டயரை மாற்றுவதற்கு முன் அதன் தேய்மானத்தை ஆராய்ந்து காரணத்தைக் கண்டறிவது இன்றியமையாததாகும்.

மூன்று இடங்களில் அளத்தல்

ஓடும் காரின் எடை முழுவதையும் தாங்குவன நான்கு சிறு பரப்புகளே. ஒவ்வொரு டயரும் தரையில் படியும் பரப்பு ஏறத்தாழ ஒரு உள்ளங்கையளவுதான். அப்பரப்பு முழுவதும் எடை சமமாகப் பரவி, சக்கரம் தான் நோக்கும் திசையிலேயே உருண்டு சென்றால், ரப்பர் மெதுவாகவும் சீராகவும் தேயும். ஓரிடத்தில் எடை மிகுந்தாலும், சக்கரம் உருளுவதோடு பக்கவாட்டில் சறுக்கினாலும், அவ்விடம் மட்டும் விரைவில் தேயும். சமமற்ற தேய்மானத்துக்கெல்லாம் இவ்விரண்டுமே பெரும்பாலும் அடிப்படையாகும்.

மோட்டார்ப் பந்தயங்களில் இதனை அறிய ஓர் எளிய முறை கையாளப்படுகின்றது. 1950களில் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் தொடங்கி, 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைப் பாதையில் வளர்ந்த சென்னைப் பந்தயங்களைப் பலர் அறிவர். பந்தயக் கார் ஓடி நின்றவுடன், டயரின் உள் ஓரம், நடுப்பகுதி, வெளி ஓரம் ஆகிய மூன்று இடங்களிலும் வெப்பநிலையை அளப்பது பந்தயத் தொழில்நுட்பர்களின் வழக்கம். மிகுதியாக உழைக்கும் பகுதி மிகுதியாகச் சூடேறும். நடுப்பகுதி மட்டும் சூடாயின் காற்று அதிகம் என்றும், உள் ஓரம் மிகச் சூடாயின் சக்கரம் உட்புறம் அளவுக்கு மீறிச் சாய்ந்துள்ளது என்றும் அவர்கள் முடிவு செய்வர்.

சாலையில் ஓடும் காருக்கு வெப்பமானி தேவையில்லை. அதே மூன்று இடங்களில் வரிப்பள்ளங்களின் ஆழத்தை மில்லிமீட்டர் அளவில் அளந்து, நான்கு டயர்களுக்கும் தனித்தனியே குறித்துக்கொண்டால் போதும். பள்ளங்களின் அடியில் 1.6 மில்லிமீட்டர் உயரமுள்ள சிறு குறுக்குக் கட்டைகள் வார்க்கப்பட்டிருக்கும். ரப்பர் அக்கட்டைகளின் மட்டத்திற்குத் தேய்ந்துவிட்டால் டயரை நீக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் அந்நிலையை அடைந்திருந்தாலும் இவ்விதி பொருந்தும்.

காற்றழுத்தம்

இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி மேடாக நின்றால், டயர் நெடுங்காலம் குறைந்த காற்றுடன் ஓடியிருக்கின்றது என்று பொருள். காற்றுக் குறையும்போது நடுப்பகுதி தளர்ந்து, எடை ஓரங்களில் விழுகின்றது. பக்கச் சுவர்கள் மிகுதியாக வளைந்து சூடேறுகின்றன. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அளவுக்கு மிஞ்சியிருந்தது எனலாம்.

டயர் குளிர்ந்திருக்கும்போதே அழுத்தத்தை அளக்க வேண்டும். குறிக்கப்பட்ட அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு என்றும், அது 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நிரப்பப்பட்டது என்றும் கொள்வோம். நெடுந்தூரம் ஓடி உட்காற்று 55 பாகையை அடைந்தால், அழுத்தம் சுமார் 38 பவுண்டாக உயரும். வழியில் இதனைக் கண்ட ஓட்டுநர், காற்று மிகுந்துவிட்டதென எண்ணி 33 பவுண்டுக்கு இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் குளிர்ந்த டயரில் 29 பவுண்டுக்கும் குறைவாகவே இருக்கும். ஓரத் தேய்மானம் இவ்வாறும் தொடங்கலாம். உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்கப்படும் வாயு விதிக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

சக்கரத்தின் சாய்வு

முன்னால் நின்று காரை நோக்கும்போது, சக்கரம் செங்குத்தாக நில்லாமல் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பதைத் தொழிலாளர் கேம்பர் என்பர். வேகக் கார்களில் சக்கரத்தின் மேற்பகுதி உட்புறம் சற்றுச் சாயுமாறு அமைப்பது வழக்கம். வளைவில் திரும்பும்போது காரின் உடல் வெளிப்புறம் சரிகின்றது. அப்போது வெளிச் சக்கரமும் அதனுடன் சாய்கின்றது. முன்னரே உட்புறம் சாய்த்து வைத்திருந்தால், அவ்வேளையில் அது ஏறத்தாழ நிமிர்ந்து, டயரின் அகலம் முழுவதும் தரையில் படியும். ஆனால் நேர்ச்சாலையில் அதே சாய்வினால் உள் ஓரம் மிகுந்த எடையைத் தாங்குகின்றது. வளைவில் பெறும் நன்மைக்கு நேர்ச்சாலையில் கொடுக்கும் விலை இது.

இதனை வகுப்பறையில் காட்டுவது எளிது. வாய் அகன்று அடி குறுகிய டம்ளர் ஒன்றை மேசையின்மீது படுக்கவைத்து உருட்டினால், அது நேரே செல்லாமல் வட்டமிடும். சாய்ந்த சக்கரமும் அதுபோலவே வளைந்து செல்ல முயல்கின்றது. இரு பக்கச் சக்கரங்களும் எதிரெதிராக இழுப்பதால் கார் நேரே செல்கின்றது. எனினும் அவ்வாறு தடுக்கப்படும் ஒவ்வொரு டயரும் தரையில் சிறிது உராய்கின்றது.

சக்கரம் நோக்கும் திசை

மேலிருந்து நோக்கும்போது ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களின் முன்பகுதிகள் ஒன்றையொன்று நெருங்கியோ விலகியோ நிற்கலாம். பட்டறைகளில் இதனை டோ என்பர். தேய்மானத்தில் இதன் பங்கே பெரிது. ஒரு சக்கரம் தான் செல்ல வேண்டிய திசையினின்று அரைப் பாகை மட்டும் விலகி நிற்பதாகக் கொள்வோம். அரைப் பாகையின் சைன் மதிப்பு சுமார் 0.0087. எனவே கார் ஒரு கிலோமீட்டர் செல்லும்போது அந்த டயர் பக்கவாட்டில் சுமார் 8.7 மீட்டர் இழுக்கப்படுகின்றது. நூறு கிலோமீட்டரில் இது 870 மீட்டராகும். கண்ணுக்குப் புலப்படாத ஒரு கோணம் ரப்பரை இவ்வாறு அரைத்துவிடுகின்றது.

இதனைக் கையால் உணரலாம். இயந்திரத்தை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டபின், டயரின் குறுக்கே துணியுறையணிந்த கையை இரு திசைகளிலும் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு திசையில் வழவழப்பாகவும், மறு திசையில் ரம்பப் பற்களைப்போலவும் தோன்றினால் டோ தவறியுள்ளது. உள்ளிருந்து வெளிப்புறமாகத் தடவும்போது பற்கள் தடுத்தால், சக்கரங்களின் முன்பகுதி அளவுக்கு மீறி நெருங்கியுள்ளது; வெளியிலிருந்து உட்புறமாகத் தடவும்போது தடுத்தால், விலகியுள்ளது.

சாய்வும் திசைப் பிழையும் ஒன்றுசேரும்போது கேடு பன்மடங்காகின்றது. உட்புறம் சாய்ந்த சக்கரத்தில் முன்பகுதியும் விலகியிருந்தால், எடை மிகுந்த உள் ஓரமே தரையில் இழுபடும். அழகுக்காகவோ வேகத்துக்காகவோ ஸ்பிரிங்குகளை மாற்றிக் காரைத் தாழ்த்துவோர் இதனைக் கருதுவதில்லை. கார் தாழும்போது சாய்வு, திசை ஆகிய இரண்டுமே மாறக்கூடும். மீண்டும் அளந்து திருத்தாமல் ஓட்டினால், அடுத்தடுத்து வாங்கும் டயர்கள் வீணாகும். பின் சக்கரங்களுக்கும் இக்கோணங்கள் உண்டு. ஆகவே வீல் அலைன்மென்ட் செய்யும்போது நான்கு சக்கரங்களையும் அளக்குமாறு கேட்டல் வேண்டும்.

திட்டுத் திட்டான தேய்மானம்

ஓரங்களில் அன்றி, டயரின் சுற்றளவில் ஆங்காங்கே குழிகள் தோன்றினால், சக்கரம் தரையைவிட்டு எழும்பி எழும்பி விழுகின்றது எனக் கருதலாம். வலுவிழந்த ஷாக் அப்சார்பர், தளர்ந்த பேரிங், சக்கரத்தின் எடைச் சமநிலையின்மை ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்க வேண்டும். ஒரே ஓரிடம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால், திடீரெனப் பிரேக் இட்டதில் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கியிருக்கலாம்.

மலைப்பாதையின் பங்கு

மலைப்பாதை டயரைத் தேய்ப்பது உண்மையே. கொண்டை ஊசி வளைவுகளில் வேகமாகத் திரும்பும் காரின் முன் டயர்களில் வெளி ஓரங்கள் தேய்வது இயல்பு. அத்தேய்மானம் இடமும் வலமும் ஏறத்தாழ ஒத்திருக்கும். ஒரு டயர் மட்டும் தனித்துத் தேய்ந்திருந்தாலோ, உள் ஓரம் வெளி ஓரத்தைவிட மிகுதியாகத் தேய்ந்திருந்தாலோ, மலையின் மீது மட்டும் பழிபோடுதல் பொருந்தாது.

உள் ஓரத் தேய்மானமே மற்றவற்றினும் அபாயமானது. ஏனெனில் அது கண்ணில் படுவதில்லை. காரின் பக்கத்தில் நின்று பார்ப்போருக்கு வெளி ஓரத்தின் பட்டன் மட்டுமே தெரியும். அது புதிதுபோல் இருக்கும். அதே டயரின் உட்புறத்தில் ரப்பர் முற்றும் அற்று, எஃகுக் கம்பி வெளிப்பட்டிருக்கக்கூடும். இந்நிலையில் சமவெளியில் விரைந்து சென்றால் டயர் வெடிக்கலாம். மழைக்காலத்தில் மலையிறங்கும்போது, பள்ளமற்ற ஓரம் நீரை வெளியேற்ற இயலாமல் பிடிப்பை இழக்கும். ஒரு புறம் பாறையும் மறுபுறம் பள்ளத்தாக்குமான பாதையில் அப்பிழை உயிருக்கே கேடாக முடியும்.

ஆகவே நீண்ட பயணத்துக்கு முன் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி வைத்து, முன் டயர்களின் உட்புறத்தை விளக்கொளியில் பார்க்க வேண்டும். பின் டயர்களைச் சற்று எட்டியிருந்து குனிந்து நோக்க வேண்டும். ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கும் காரின் அடியில் ஒருபோதும் புகலாகாது.

கடைப்பிடிக்க வேண்டிய வரிசை

முதலில் குளிர்ந்த டயரின் அழுத்தத்தைச் சரிசெய்க. அடுத்து, மூன்று இடங்களின் ஆழத்தையும் அளந்து குறித்துக்கொள்க. பின்னர் மூட்டுகள், பேரிங்குகள், ஷாக் அப்சார்பர்கள் ஆகியவற்றின் தளர்ச்சியைப் பார்த்துத் திருத்துக. தளர்ந்த உறுப்புகளை வைத்துக்கொண்டு கோணங்களைத் திருத்துவதால் பயனில்லை. இவற்றுக்குப் பின்னரே நான்கு சக்கரங்களின் கோணங்களையும் அளந்து திருத்தி, இறுதியில் தேவையான டயர்களை மாற்றுக.

டயர்களை இடம் மாற்றிப் போடுவது தேய்மானத்தைச் சமமாகப் பங்கிடும், காரணத்தைப் போக்காது. சுழல் திசை அம்புக்குறியால் குறிக்கப்பட்ட டயர்களை, சக்கரத்தினின்று கழற்றி மாட்டாதவரை, ஒரே பக்கத்தில் முன்னும் பின்னுமாக மட்டுமே மாற்றலாம். முன்னும் பின்னும் வெவ்வேறு அகலமுள்ள டயர்கள் பொருத்தப்பட்ட கார்களில் அதுவும் இயலாது.

அலுவலக ஜீப்புக்கும் பள்ளி வாகனத்துக்கும் இம்முறைகள் அனைத்தும் பொருந்தும். நான்கு டயர்கள், பன்னிரண்டு அளவுகள், மாதந்தோறும் ஒரு பக்கக் குறிப்பு என்னும் பழக்கம் ஏற்பட்டால், கோணம் பிசகினால் எண்கள் அதனைக் காட்டிக்கொடுக்கத் தொடங்கும். அப்போது திருத்துவதற்கு ஆகும் செலவு, ஒரு வேகக் காரின் புது டயர் விலையில் சிறு பகுதியாகவே இருக்கும்.