மருந்தடிக்க முன்பு ஒரு மணி நேரம்

காய்ச்சல் பரவுது என்று கேள்விப்பட்டாலே சனம் எங்களிடம் கேட்பது ஒன்றைத்தான்: "எங்கட ஒழுங்கைக்கு எப்ப புகையடிப்பியள்?" பிள்ளை வைத்திருக்கிற தாய்க்கு அந்த அவசரம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த ஒழுங்கை நுளம்பு அந்த மருந்துக்குச் சாகுமா என்பதை முதலில் பார்த்தாக வேண்டும். வடக்கில் பூச்சியியல் ஆய்வுகூடம் ஒன்றில் என் வேலை அதைப் பார்ப்பதுதான்.

கிணறுகளிலும் சீமெந்துத் தொட்டிகளிலும் அள்ளிவந்த குடம்பிகளைத் தட்டுகளில் வளர்ப்போம். வெளிவரும் பெண் நுளம்புகளுக்குச் சீனித்தண்ணீர் மட்டும்தான். மூன்று முதல் ஐந்து நாள் வயதானதும் உறிஞ்சுகுழாயால் இருபத்தைந்து இருபத்தைந்தாக எடுத்து, மருந்து ஊறிய தாள் சுற்றிய குழாய்க்குள் விடுவோம். சிவப்புப் புள்ளியிட்ட அந்தக் குழாய்க்குள் ஒரு மணி நேரம். பிறகு பச்சைப் புள்ளியிட்ட சுத்தமான குழாய்க்கு மாற்றி 24 மணி நேரம் காத்திருப்போம். கால்கள் உதிர்ந்தாலும் பறக்க முடிந்தால் அது உயிருள்ள நுளம்பாகவே கணக்கில் வரும்.

நூற்றுக்கு 98க்குக் குறையாமல் செத்தால் மருந்து வேலை செய்கிறது. 90க்குக் கீழே போனால் எதிர்ப்பு உறுதி. இரண்டுக்கும் இடையில் நின்றால் மறுபடி சோதிக்க வேண்டும். "நூற்றில் எண்பது செத்தாலும் நல்லதுதானே?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நல்லதில்லை. தாளில் இருப்பது, மருந்துக்கு மசியும் நுளம்பு எதையும் கொல்லக்கூடிய செறிவின் இரட்டிப்பு. அதையும் தாண்டிய இருபதுதான் நாளைக்கு முட்டையிடும். அந்த வலு முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கும் போகும். அதே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் வலுவில்லாதவை ஒழிந்து, வலுவுள்ளவையே ஊரை நிரப்பும்.

இலங்கைக்கு இது புதிதல்ல. 1934-35 மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேரைப் பறிகொடுத்த நாடு இது. 1940களின் நடுவில் டி.டி.ரி வந்தது, 1963இல் நாடு முழுக்கப் பதிவானவர்கள் 17 பேர்தான். அந்த நம்பிக்கையில் விசிறலைக் கைவிட்டார்கள். 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மறுபடி விசிறத் தொடங்கியபோது, மலேரியாவைக் காவும் கியூலிசிஃபேசிஸ் நுளம்பில் டி.டி.ரி எதிர்ப்பு தலைகாட்டியிருந்தது. 1977இல் மலத்தியனுக்கு மாறினோம். 90களிலிருந்து மாவட்டத்துக்கு மாவட்டம் வெவ்வேறு மருந்து, அதையும் மாற்றி மாற்றி அடிப்பது என்ற முறை வந்தது. என் கணக்கில் எங்கள் சுகாதாரத்துறை எடுத்த மிகப் புத்தியான முடிவுகளில் அது ஒன்று.

மாற்றுவதென்றாலும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற முடியாது. டி.டி.ரியும், இன்று வலைகளில் ஊட்டப்படும் பைரித்ரோயிட் மருந்துகளும் நுளம்பின் நரம்பிலுள்ள ஒரே சோடியம் வாயிலைத்தான் தாக்குகின்றன. அந்த வாயில் மாறிவிட்ட நுளம்பு, பைரித்ரோயிட்டைக் காணாமலே அதைத் தாங்கக்கூடும். மலத்தியனை வேறு விதமாக வெல்கிறது: உடலுக்குள் இருக்கும் நொதிகளால் அதை உடைத்துவிடுகிறது.

2016 செப்டம்பரில் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னாரில் ஸ்டெபென்சி நுளம்பு அகப்பட்டது; பின்னர் யாழ்ப்பாணத்திலும். இந்தியப் பட்டணங்களில் மலேரியாவைக் காவும் இனம் அது. வயலையும் ஆற்றையும் தேடாது. வீட்டுக் கிணறே போதும். இது பரவிய எத்தியோப்பியாவில் பைரித்ரோயிட் உட்படப் பல வகை மருந்துகளைத் தாங்கி நிற்கிறது. எங்கள் பயமும் அதுதான். நோய் வெளிநாட்டிலிருந்து ஒருவரின் இரத்தத்தில் வந்து இறங்கலாம். அன்றைக்கு எந்த மருந்து பலிக்கும் என்று தெரியாமல் நிற்கக் கூடாது.

ஆகவேதான் பாவிக்கும் கிணறுகளில் குடம்பி தின்னும் மீன் விடுகிறோம். "மருந்தடிச்சாலும் பரவாயில்லை தம்பி, குடிக்கிற தண்ணிக்குள்ள மீனை விடுறியளே?" என்று ஒரு அம்மா கோபித்துக்கொண்டார். "அம்மா, மருந்துக்குத் தப்புற நுளம்பு இருக்கு; மீனின்ர வாய்க்குத் தப்புற குடம்பி குறைவு" என்றேன். மீனுக்கு எதிர்ப்பு வளர்த்த குடம்பியை நான் எங்கும் கண்டதில்லை.

குடம்பி அள்ள எங்கள் ஆட்கள் வந்தால் கிணற்றடிக்கு விடுங்கள். விட்ட மீனை அள்ளி வீசாதீர்கள். பாவிக்காத கிணறு வளவில் இருந்தால் மூடிவிடுங்கள், முடியாவிட்டால் எங்களுக்குச் சொல்லுங்கள்.