சுடுகாட்டு மல்லிகைக்குள் ஒரு மருந்து

மும்பையில் வாசலுக்கு வாசல் பழைய டப்பாவில் ரோஜா நிறப் பூச்செடி ஒன்று வளர்ந்திருக்கும். மராத்தியில் 'சதாபுலி', நம் ஊரில் நித்திய கல்யாணி. சுடுகாட்டு மல்லிகை என்று சொல்லி இதை வீட்டில் சேர்க்காதவர்களும் உண்டு. ஆனால் ரத்தப் புற்றுநோய்க்கும், கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் போடப்படும் 'வின்கிரிஸ்டின்' ஊசி மருந்து இதன் இலையில் கிடைத்ததுதான்!

கண்டுபிடித்தது தற்செயல். ஜமைக்காவில் இந்த இலைக் கஷாயத்தைச் சர்க்கரை நோய்க்குக் குடிப்பார்கள். கனடா விஞ்ஞானி ராபர்ட் நோபிள் அதன் சாற்றை எலிகளிடம் சோதித்தார். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. ரத்தப் புற்றுநோயில் கண்டபடி பெருகுவது வெள்ளை அணுக்கள்தானே! 1958-ல் அவரும் சார்லஸ் பீரும் 'வின்பிளாஸ்டின்' என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதன் தம்பியான வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்காவில் 1963-ல் அனுமதி கிடைத்தது.

பிரியும்போது பிடிக்கும்

ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, உள்ளேயுள்ள குரோமோசோம்களைச் சரிபாதியாக இரு பக்கமும் இழுக்க வேண்டும். அதற்கு நுண்ணிய குழல்களைக் கயிறு போல நீட்டிக்கொள்ளும். அந்தக் கயிற்றுக்கு நார், 'டியூபுலின்' என்ற புரதம். வின்கிரிஸ்டின் நாரையே பிடித்துக்கொள்கிறது. கயிறு திரிக்க முடியாமல் பாதியில் மாட்டிக்கொண்ட அணு செத்துவிடுகிறது.

பிரியாமல் சும்மா இருக்கும் அணு தப்பிவிடும். அது பிறகு பிரியும். ஆகவேதான் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பிரட்னிசலோன் முதலிய மருந்துகளும் கூடவே உண்டு. குழந்தைகளுக்கு வரும் லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவுக்கு முழு சிகிச்சை இரண்டு, மூன்று வருடம் நடக்கும். நல்ல ஆஸ்பத்திரியில் அதை முடித்த குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். காய்ச்சல் நின்றது, கட்டி கரைந்தது என்று பாதியில் ஊருக்கு ரயில் ஏறுவதுதான் ஆபத்து.

நரம்புகளுக்கும் இதே குழல்கள் தேவை. அதனால் விரல் மரத்துப் பொத்தான் போட வராது, மலம் கட்டும், தாடை வலிக்கும். இவற்றை டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார். ஊசிக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது. மருந்து ரத்தக் குழாயில் மட்டுமே ஏற வேண்டும். தவறித் தண்டுவடத்தில் ஏறினால் உயிருக்கே உலை.

வாசலில் உள்ள இலையை மென்று தின்னலாமா? கூடவே கூடாது. ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ காய்ந்த இலை வேண்டும். இலையில் வேறு நச்சுகளும் உண்டு. ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கம் இதைப் பயிராகவே போட்டு, இலையையும் வேரையும் மருந்துக்காக விற்கிறார்கள். ஆடு மாடு வாய் வைக்காத செடி. வேலிச் செலவு மிச்சம்.