சின்னப் பாம்பின் பெரிய பயம்

சாரைப் பாம்பு ராத்திரியில் தொழுவுக்குள் நுழைந்து, பசுவின் பின்னங்காலைச் சுற்றிக்கொண்டு மடியில் பால் குடித்துவிடும் என்ற பேச்சு திருநெல்வேலிப் பக்கம் வெகுகாலமாக உண்டு. அமெரிக்கப் பண்ணைகளிலும் இதே கதைதான். அங்கே அந்தப் பழியைச் சுமந்த பாம்புக்கு ‘மில்க் ஸ்நேக்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. இரண்டு ஊரிலும் பாம்பு தொழுவுக்கு வந்தது எலியைத் தேடி. மடியைக் கவ்வி உறிஞ்சுகிற உதடு எந்தப் பாம்புக்கும் கிடையாது.

சிவப்பு, கறுப்பு, வெள்ளை வளையங்களோடு மின்னும் இந்த மில்க் ஸ்நேக்குக்கு விஷமில்லை. அதனால் வெளிநாடுகளில் வீட்டில் வளர்க்கிறார்கள். முட்டையிலிருந்து வரும்போது ஏறக்குறைய ஒரு ஜாண் நீளம். பென்சில் கனம்கூட இருக்காது. ஆசையாகப் பெட்டியைத் திறந்தால் அது துள்ளி ஓடும், வாலைப் படபடவென அடிக்கும், நாற்றமடிக்கும் திரவத்தைக் கையில் பீய்ச்சும், சில நேரம் கடிக்கவும் செய்யும். முரட்டுக் குட்டி என்று அதைச் சொல்வது அநியாயம். பறவை முதல் பெரிய பாம்பு வரை எல்லோருக்கும் இரையாகிற உயிர் அது. மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்தின் கால்.

அனுபவப்பட்டவர்கள் அவசரப்படுவதில்லை. புது இடத்தில் ஒழுங்காக இரை எடுக்கத் தொடங்கும்வரை தொடமாட்டார்கள். பிறகு பக்கவாட்டிலிருந்து, வயிற்றுக்கு அடியில் விரல் கொடுத்துத் தூக்கி, ஒரு உள்ளங்கையிலிருந்து மறு உள்ளங்கைக்கு ஊரவிடுவார்கள். சில நிமிடம் போதும். இரை தின்ற இரண்டு நாளும், சட்டை உரிக்குமுன் கண் மங்கியிருக்கும் நாட்களும் விடுமுறை. வளர வளரப் பெரும்பாலானவை அடங்கிவிடும். அதைப் பாசம் என்று எண்ணிவிடக் கூடாது. இந்தக் கையால் ஆபத்தில்லை என்று பழகியிருக்கிறது, அவ்வளவே.

பாம்பு வளர்க்கும் இந்த ஆசைதான் கடத்தலுக்கும் தீனி. 2023 ஏப்ரல் 28 அன்று, கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒரு பெண்ணின் பெட்டிகளில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும் இருந்தன. மூச்சுமுட்டும் டப்பாக்களில் கடல் தாண்டிய குட்டி எந்தக் கையை நம்பும்? நம்மூர்ப் பாம்பைப் பிடித்து வளர்ப்பதோ, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

திருநெல்வேலி மேலப்பாளையத்துக்காரருக்குக் குட்டிப் பாம்பு விஷயம் வேறு வழியில் வீடு தேடி வரும். பல்லியைத் துரத்திச் சுவரேறும் வெள்ளிக்கோல் வரையன் விஷமற்றது. ஆனால் அதன் வெள்ளைப் பட்டைகள் கட்டுவிரியனையே நினைவூட்டும். வரையனுக்குப் பட்டைகள் கழுத்தருகே பளிச்சென்று தொடங்கி, வாலை நெருங்க மங்கும். கட்டுவிரியனுக்குக் கழுத்தருகே மங்கி, வால்பக்கம் தெளியும். குட்டியிடமும், மங்கிய விளக்கிலும் இந்தக் கணக்கு தப்பிப்போகலாம். கட்டுவிரியன் குட்டிக்குப் பிறந்த அன்றே விஷம் உண்டு. தரையில் தூங்குபவரைக் கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகும். அதனால் கம்பை எடுக்கவும் வேண்டாம், கையை நீட்டவும் வேண்டாம். பிள்ளைகளை அப்புறப்படுத்தி, தூரத்திலிருந்து அது போகும் திசையைக் கவனித்தபடி 101-ல் தீயணைப்புத் துறையை அழைக்கலாம். கடித்ததாகச் சந்தேகம் வந்தால்கூட, பச்சிலை தேடாமல் நேரே ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.