தற்காலிக இல்லங்களை அளப்பது எவ்வாறு?

வீடற்றவர்கள் தங்குவதற்கென்று பொதுப்பணத்தைச் செலவிட்டுத் தற்காலிக இல்லங்களை நடத்துவது இன்று பல நாடுகளில் அரசாங்கத்தின் கடமைகளுள் ஒன்றாகிவிட்டது. வீடிழந்த குடும்பம் அங்கே சில வாரமோ சில மாதமோ தங்குகிறது, பின்பு வெளியேறுகிறது. அவ்வில்லம் தன் வேலையைச் சரிவரச் செய்ததா, இல்லையா? கேள்வி மிக எளிதாகவே தோன்றுகிறது. ஆயினும் இதற்கு ஒழுங்கான விடை காண அமெரிக்க ஐக்கிய நாட்டிற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன. மாணவ நண்பர்களே, அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். பொருளாதாரம், புள்ளியியல் படிப்போர் மட்டுமன்றி, நாளை வரி செலுத்தப்போகும் அனைவரும் கேட்கத்தக்க செய்தி இது.

நம் நாட்டிலே சத்திரமும் சாவடியும் பழங்காலம் தொட்டு உண்டு. ஆனால் அவை வழிப்போக்கர்களுக்கு உரியவை. வழிப்போக்கனுக்கு ஓர் ஊர் உண்டு. அங்கே ஒரு வீடும் உண்டு. ஆகவே, சத்திரத்தில் தங்கியவன் மறுநாள் எங்கே சென்றான் என்று எவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. வீடற்றவனின் நிலை வேறு. அவன் வெளியேறிய மறுநாள் இரவு எங்கே படுத்தான் என்பதே அங்கு முதற் கேள்வி.

அமெரிக்காவில் 1980-களில் வீடற்றோர் தொகை பெருகியது. அதுவரை பெரும்பாலும் தனித்த ஆடவரே தெருக்களில் காணப்பட்டனர். இப்போது பெண்களும் குழந்தைகளும் கூட விடுதிகளின் வாயிலில் வந்து நின்றனர். 1987-ஆம் ஆண்டில் மக்கின்னி சட்டம் நிறைவேறியது. வீடற்றோருக்கு உதவ மத்திய அரசு விரிவான அளவில் பணம் ஒதுக்கிய முதற் சட்டம் அதுவே. அப்பணத்தில் இரு வகை இல்லங்கள் வளர்ந்தன. ஒன்று, அவசர விடுதி; தலைக்கு மேல் உடனே ஒரு கூரை தருவது. மற்றொன்று, இடைக்கால இல்லம். இதில் ஒரு குடும்பம் இருபத்துநான்கு மாதம் வரை தங்கலாம். வெறும் இடம் மட்டுமன்று. வேலைப் பயிற்சி, வரவு செலவுப் பழக்கம், குழந்தை வளர்ப்பு, மனநல ஆலோசனை முதலியனவும் அங்கே அளிக்கப்பட்டன. வீடிழந்தவர் மீண்டும் வீடு பெறுவதற்கு முன் அதற்குத் தகுதியாக்கப்பட வேண்டும் என்பது இதன் அடிப்படைக் கருத்து. நல்லெண்ணத்தில் பிறந்த கருத்துதான்.

இவ்வில்லங்கள் ஆண்டுதோறும் அறிக்கை அனுப்பின. இத்தனை கட்டில்கள் உள்ளன, இத்தனை நிரம்பின, இத்தனை குடும்பங்கள் நிலையான வீட்டிற்குச் சென்றன என்று எண்கள் வந்து குவிந்தன. பல இல்லங்களின் எண்கள் மிக நன்றாகவே இருந்தன. ஆனால் அவற்றை எந்த அளவிற்கு நம்பலாம்?

முதலில் கட்டில் கணக்கைப் பார்ப்போம். ஓர் இல்லத்தின் கட்டில்கள் ஆண்டு முழுதும் நிரம்பியிருந்தன என்றால் அது வெற்றியா? நூறு பேர் ஆளுக்கு ஒரு வாரம் தங்கி வீடு பெற்றுச் சென்றாலும் கட்டில் நிரம்பியிருக்கும். இரண்டே பேர் போக்கிடமின்றி ஆண்டு முழுதும் கிடந்தாலும் நிரம்பியிருக்கும். இவ்வேறுபாட்டைக் கல்ஹேன், கூன் என்னும் இரு ஆய்வாளர்கள் 1998-இல் தெளிவாக்கினர். நியூயார்க், பிலடெல்பியா ஆகிய நகரங்களின் விடுதிப் பதிவேடுகளிலே தனியாட்களின் கணக்கை எடுத்து ஆராய்ந்தனர். விடுதிக்கு வந்தவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பேர் சிறிது காலம் தங்கிவிட்டுச் சென்றவர்கள். நூற்றுக்குப் பத்துப் பேரே நீண்ட காலம் தங்கியவர்கள். ஆயினும், விடுதியின் மொத்த நாட்களில் ஏறத்தாழப் பாதியை இந்தப் பத்துப் பேரே எடுத்துக்கொண்டனர். ஆதலால், ஏதேனும் ஓர் இரவில் விடுதிக்குள் நுழைந்து தலைகளை எண்ணினால், நெடுநாள் தங்குபவரே மிகுதியாகக் கண்ணில் படுவர். ஆண்டு முழுதும் வந்துபோனவரை எண்ணினால் வேறொரு காட்சி தோன்றும். இரண்டு எண்ணும் உண்மையே. எந்தக் கேள்விக்கு எந்த எண் என்பதை அறிந்து பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது வெளியேறியோர் கணக்கு. இதிலேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்திலேயே வாழ்நாளைக் கழித்தவன். ஆகவே அங்கிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். பொதுத்தேர்வில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பெயர்ப்பலகை மாட்டும் பள்ளிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் சிலவற்றில், படிப்பில் பின்தங்கிய பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தேறுபவனை மட்டும் தேர்வுக்கு அனுப்பினால் தேர்ச்சி விகிதம் உயராமல் வேறென்ன செய்யும்? அப்பள்ளியின் கற்பித்தல் திறமையைப் பற்றி அந்த நூறு நமக்கு எதுவுமே சொல்லவில்லை. வெளியே அனுப்பப்பட்ட பிள்ளையைப் பற்றியோ, சொல்லவேண்டியதை மறைத்தே விடுகிறது.

இடைக்கால இல்லங்களிலும் இதுவே நிகழக் கூடும். குடிப்பழக்கம் உடையோர் வேண்டாம், வருமானம் அறவே இல்லாதோர் வேண்டாம், பெரிய ஆண்பிள்ளை உள்ள குடும்பம் வேண்டாம் என்று சில இல்லங்கள் நிபந்தனை விதித்தன. நிபந்தனைகளைக் கடந்து உள்ளே வந்தவர் ஓரளவு தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள வல்லவர். அவர்கள் பின்னர் வீடு பெற்றால், அது இல்லம் தந்த பயனா, அன்றி இல்லம் இல்லாவிட்டாலும் பெற்றிருப்பார்களா? வெற்றி விகிதத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்கும் அரசாங்கம், தான் அறியாமலேயே, மிகவும் இடர்ப்பட்ட குடும்பத்தை வாயிலிலிருந்து திருப்பி அனுப்பும்படி இல்லங்களைத் தூண்டுகிறது. அளவுகோலைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் கணக்கு மட்டுமா கெடுகிறது? குழந்தையோடு வந்த தாய் அன்றிரவு தெருவிலே நிற்கிறாள்.

எனில் சரியான வழி யாது? ஒரே தன்மையுடைய குடும்பங்களை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு இடைக்கால இல்லமும் மறு கூறுக்கு வேறு உதவியும் தந்து, சில ஆண்டுகள் கழித்து ஒப்பிட வேண்டும். கூறாக்குவதில் மனித விருப்பு வெறுப்பு புகலாகாது. குலுக்கல் முறையே ஏற்றது. உத்தரமேரூர்ச் சபையார் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கக் குடவோலையை நாடியது எதற்காக? யாருடைய கையும் தராசுத் தட்டை அழுத்தக்கூடாது என்பதற்காகவே அன்றோ?

இம்முறையிலேயே அமெரிக்காவின் வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை ஒரு பெரிய ஆய்வை நடத்தியது. 2010 செப்டம்பர் முதல் 2012 ஜனவரி வரை, அட்லாண்டா, பாஸ்டன், டென்வர், ஹானலூலு, பீனிக்ஸ் முதலிய பன்னிரண்டு இடங்களில், அவசர விடுதியில் ஏழு நாளேனும் தங்கியிருந்த 2,282 குடும்பங்கள் சேர்க்கப்பட்டன. அவை குலுக்கல் முறையில் நான்கு பிரிவுகளாக்கப்பட்டன. 599 குடும்பங்களுக்கு நீண்டகால வாடகை உதவி. தாமே ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாம், வாடகையின் பெரும்பகுதியை அரசாங்கம் தரும், பயிற்சியோ ஆலோசனையோ கட்டாயம் இல்லை. 569 குடும்பங்களுக்குக் குறுகியகால வாடகை உதவி. மிகுதியாகப் போனால் பதினெட்டு மாதம். 368 குடும்பங்களுக்கு நாம் பேசிவந்த இடைக்கால இல்லம். மீதி 746 குடும்பங்களுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. விடுதியிலே தங்கி, அந்த ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் உதவியைத் தாமே தேடிக்கொள்ள வேண்டும். இந்த நான்காம் பிரிவுதான் ஒப்பிடுவதற்குரிய அளவுகோல். இங்கே ஒரு நுட்பத்தையும் கவனியுங்கள். இடைக்கால இல்லத்தின் நிபந்தனைகளுக்குப் பொருந்தாத குடும்பத்தை அந்தக் குலுக்கலிலேயே சேர்க்கவில்லை. ஒவ்வொரு ஒப்பீட்டிலும் இரு பக்கமும் ஒத்த குடும்பங்களே இருந்தன.

உதவியின்றி விடப்பட்டவர்களுக்கு இது அநீதி ஆகாதா என்று உங்களில் சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எல்லோருக்கும் போதுமான உதவி அன்று இருக்கவில்லை. யாரோ சிலருக்குத்தான் கிடைக்கவிருந்தது. அந்நிலையில் சிபாரிசைவிடக் குலுக்கல் நேர்மையானது என்பது என் கருத்து.

இருபது மாதம் கழித்து ஒரு முறையும், முப்பத்தேழு மாதம் கழித்து மறு முறையும் குடும்பங்களைத் தேடிக் கண்டு விசாரித்தனர். முடிவுகள் 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் வெளியாயின. நீண்டகால வாடகை உதவி பெற்ற குடும்பங்களில், மீண்டும் வீடின்றித் தவிப்பதும் பிறர் வீட்டில் ஒண்டிக் கிடப்பதும் ஒப்பீட்டுப் பிரிவைக் காட்டிலும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. அதற்கு மேலும் கேளுங்கள். தாய்மாரின் மனவேதனை குறைந்திருந்தது. வீட்டினுள் கணவனிடமோ துணைவனிடமோ அடிபடுவது குறைந்திருந்தது. குழந்தைகள் பள்ளி மாறுவது குறைந்திருந்தது. வீட்டு வாடகைக்குத் தந்த பணம் இத்தனை இடங்களில் போய்ச் சேர்ந்திருக்கிறது! ஆசிரியனாக இருந்தவனுக்கு அந்தப் பள்ளிக் கணக்கின் பொருள் விளங்கும். ஓராண்டில் மூன்று பள்ளி மாறிய பிள்ளைக்குக் கணக்கும் வராது, நண்பனும் இருக்க மாட்டான்.

இடைக்கால இல்லம் என்ன ஆயிற்று? அதற்கு ஒதுக்கப்பட்ட குடும்பங்கள் அவசர விடுதியில் தங்குவது சற்றுக் குறைந்தது. ஆனால் எதற்காக அவ்வில்லங்கள் பயிற்சியும் ஆலோசனையும் தந்தனவோ, அந்த வேலை, வருமானம், குடும்ப நலம் ஆகியவற்றில் ஒப்பீட்டுப் பிரிவிலிருந்து குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. குறுகியகால வாடகை உதவியும் பெரும்பாலும் வழக்கமான உதவியின் பலனையே தந்தது. ஆனால் குறைந்த செலவில் தந்தது.

செலவுக் கணக்கில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். ஒரு குடும்பத்திற்கு மாதம் ஒன்றுக்கு அவசர விடுதியில் சராசரி 4,819 டாலர். இடைக்கால இல்லத்தில் 2,706 டாலர். நீண்டகால வாடகை உதவிக்கு 1,162 டாலர். குறுகியகால உதவிக்கு 878 டாலர். தற்காலிகம் என்று நாம் அழைப்பதே இவற்றுள் அதிக விலையுடையது! ஊழியர் சம்பளமும் சேவைகளின் செலவும் அதில் அடங்கியிருப்பதே காரணம். இதைக் கண்டதும், வாடகை உதவியால் பணம் நாலில் ஒரு பங்காகச் சுருங்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மாத விகிதம் வேறு, மொத்தத் தொகை வேறு. விடுதியிலிருந்து குடும்பம் சில மாதங்களில் வெளியேறிவிடுகிறது. வாடகை உதவியோ ஆண்டுக் கணக்கில் தொடர்கிறது. முப்பத்தேழு மாதச் செலவைக் கூட்டிப் பார்த்தபோது, நீண்டகால உதவிக்கு வழக்கமான முறையைவிட நூற்றுக்கு 9 வீதம் கூடுதலாகவே ஆகியிருந்தது. அந்த ஒன்பது வீதத்திற்கு மேற்சொன்ன பலன்கள் தகுமா என்பதைப் புள்ளிவிவரம் சொல்லாது. மக்கள் மன்றம்தான் சொல்ல வேண்டும். தகும் என்பதே என் எண்ணம்.

மறைக்கக்கூடாத இன்னொரு முடிவும் உண்டு. நீண்டகால உதவி பெற்றோரிடையே வேலைக்குச் செல்வது, குறிப்பாக முதல் இருபது மாதங்களில், சிறிது குறைந்திருந்தது. உதவியை எதிர்ப்போர் இதை மட்டும் எடுத்துக் காட்டுவர்; ஆதரிப்போர் இதை மட்டும் விட்டுவிடுவர். நீங்கள் இரண்டையும் செய்யாதீர்கள். மேலும், இந்த ஆய்வு குழந்தையுள்ள குடும்பங்களைப் பற்றியது. கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்த பெண்களுக்கும், பெற்றோரை விட்டுப் பிரிந்த இளைஞர்களுக்கும் பாதுகாவலுள்ள இடைக்கால இல்லம் தேவைப்படலாம். அவர்களைப் பற்றி இந்த எண்களைக் கொண்டு தீர்ப்புச் சொல்லுதல் பொருந்தாது.

பின்லாந்து நாடு வேறொரு வழியே நடந்தது. 2008-ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்படி, விடுதிகளையே வாடகைக் குடியிருப்புகளாக மாற்றத் தலைப்பட்டது. ஹெல்சிங்கி நகரில் மீட்புப் படையினர் நடத்திவந்த பெரிய விடுதியும் தனித்தனி வீடுகளாகியது. கட்டிலுக்குப் பதில் சாவியும் வாடகை ஒப்பந்தமும் தரப்பட்டன.

நம் நாட்டிற்கு வருவோம். 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு, இந்தியாவில் 17.73 இலட்சம் பேர் வீடற்றோர் என்றது, அவர்களுள் 9.38 இலட்சம் பேர் நகரவாசிகள். 2010-இல் தில்லியில் கடுங்குளிரின் நடுவே ஒரு தற்காலிகத் தங்குமிடம் அகற்றப்பட்ட செய்தி உச்ச நீதிமன்றத்திற்கு எட்டியது. அதன்பின் நகரங்கள் தங்குமிடம் அமைக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணைகள் பிறப்பித்தது. 2013-இல் வகுக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டம், ஒரு இலட்சம் நகர மக்களுக்கு நூறு பேர் தங்கத்தக்க இடம், ஆளுக்கு ஐம்பது சதுர அடி என்று அளவு கூறியது. பணி எதிர்பார்த்தபடி நடைபெறாமையால் 2016-இல் நீதிமன்றம் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு குழுவை நியமித்து, உண்மை நிலையைப் பார்த்து வரப் பணித்தது. இவையெல்லாம் இடத்தைப் பற்றிய அளவுகள். இடமே இல்லாத ஊரில் முதலில் இடத்தை அளப்பது இயல்புதான்.

உங்களில் சிலர் சமூகப்பணிக்காகவோ கல்லூரி ஆய்வுக்காகவோ இத்தகைய தங்குமிடத்திற்குச் செல்ல நேரிடலாம். பொறுப்பாளர் பதிவேட்டை எடுத்துக் காட்டுவார். நேற்றிரவு எத்தனை பேர் என்பதோடு நில்லாமல், உள்ளே அனுமதிக்கப்படாமல் திரும்பியவர் எத்தனை பேர், அவர்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் யாது என்று கேளுங்கள். வெளியேறியவர்களுள் எத்தனை பேர் ஆறு மாதத்திற்குள் மீண்டும் அதே வாயிலுக்கு வந்தார்கள் என்று பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு ஒரு பென்சிலும் ஒரு பிற்பகலும் போதும்.